பருத்திக்காட்டுச் சிலந்திகள்

வெட்டுக்கிளியின் கால் எதிர்பார்த்தபடியே ஓய்ந்தது. மின்தூண்டல் விடாமல் நரம்பைத் தட்டிக்கொண்டிருந்தது. தசையோ முதலில் தயங்கி, பின் தளர்ந்து, இறுதியில் ஆளில்லாத வீட்டின் கதவைப்போல எந்தத் தட்டலுக்கும் அசையாமல் கிடந்தது. கண்ணாடித் தொட்டியின்மேல் குனிந்திருந்த மொகிராவின் முகத்தில் சிறு மலர்ச்சி தோன்றியது.

பூச்சியின் தசையை எழுப்புவது குளுட்டமேட் என்னும் தூது. மனித மூளையில் நினைவும் வலியும் வலிப்பும் ஏறிச்செல்வது பெரும்பாலும் அதே தூதின் முதுகில்தான். அத்தூது வந்து தொட்டால் திறக்கும் வாயில்கள் நரம்பின் மறுகரையில் உண்டு; ஏற்பிகள் என்று அவற்றைச் சொல்வர். வாய்க்கால் ஓரத்துப் புதர்களில் வலைகட்டி வாழும், வயிற்றோரம் மடல்மடலாய்ப் பிளந்த வெள்ளிநிறச் சிலந்தியின் நஞ்சில் நீண்ட வால்கொண்ட மூலக்கூறு ஒன்று இருந்தது. அந்த வால் பாலிஅமீன் என்னும் பொருளால் ஆனது. வாயில் மூடியிருக்கும்வரை நஞ்சு வெளியே காத்திருக்கும். திறந்த கணத்தில் வாலை உள்ளே செலுத்தி வழியை அடைத்துக்கொள்ளும். மிகுதியாகத் திறப்பதே மிகுதியாக அடைபடும். பக்கவாதம் கண்ட மூளையில் இவ்வாயில்கள் மூட மறந்து திறந்துகிடப்பதாலேயே செல்கள் மடிகின்றன என்று அந்நாளில் பேசத் தொடங்கியிருந்தார்கள். எனவே தொலைவிலுள்ள சில நகரங்களின் ஆய்வுக்கூடங்கள் அந்தத் தாழ்ப்பாளைத் தேடிக்கொண்டிருந்தன. தாஷ்கண்டில் மொகிராவின் கூடமும் அவற்றுள் ஒன்று.

பக்கத்துத் தொட்டியில் தவளைக்கால். அதைக் கூடத்தார் சாட்சி என்றே அழைப்பர். தவளையின் தசையை எழுப்புவது வேறொரு தூது. சிலந்தியின் நஞ்சுக்கு அந்த வாயில் தெரியாது. ஆகவே வெட்டுக்கிளியை ஓயவைக்கும் சாறு தவளையைத் தீண்டாமல் விட்டால்தான் கையிலிருப்பது அந்தத் தனித்தாழ்ப்பாள் என்று நம்பலாம். சாட்சியின் வேலை ஒன்றே: தட்டினால் ஒருமுறை உதைக்க வேண்டும், தட்டாதபோது சும்மா இருக்க வேண்டும்.

"மொகிரா, இங்க வந்து பாரு," என்றாள் வேரா பாக். "உன் சாட்சி கல்யாண வீட்டுல ஆடுற மாதிரி ஆடுது."

தவளைக்கால் ஒரு தட்டலுக்கு மூன்று முறை நான்கு முறை உதைத்தது. தட்டலை நிறுத்தியபின்பும் தசையின் தோலடியில் மழைத்துளி விழும் குளம்போல் சிற்றலைகள் ஓடின.

"தொட்டியக் கழுவினியா?"

"இந்த ஊர்ல நான் கழுவாம விட்டது என் புருஷன் ஒருத்தனத்தான்," என்றாள் வேரா. கொரியக் குடும்பத்தில் பிறந்தவள். அவளுடைய பெற்றோரை அரசு தூரக்கிழக்கிலிருந்து வலுவில் பெயர்த்துச் சரக்கு ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து இந்தப் புல்வெளியில் இறக்கிவிட்ட கதையையும் அவள் இதே குரலில்தான் சொல்வாள். நரம்பு அறாமல் தவளைத்தசையைப் பிரித்தெடுப்பதில் அவள் கைக்கு இணை அந்தக் கட்டடத்தில் இல்லை. "தொட்டி சுத்தம். தவளை சுத்தம். உப்புநீர் இன்னிக்குக் காலைல கலக்கினது. நீ அரைச்ச சாறுதான் சரியில்ல. தலையோட போட்டு அரைக்காதேன்னு சொன்னேனா இல்லியா?"

சொல்லியிருந்தாள். மற்ற ஆண்டுகளில் சிலந்தியின் நச்சுச்சுரப்பியை மட்டும் ஊசிமுனையில் உருவி எடுப்பார்கள். இந்த இலையுதிர் காலத்தில் அதற்குப் பொறுமையில்லை. பனி விழுந்தால் பெண்சிலந்திகள் முட்டைப்பையைக் கட்டிவிட்டு மாண்டுபோகும். அதன்பின் அடுத்த கோடைவரை கை வெறும் கை. மாஸ்கோவில் தூய்மைப்படுத்துவோர் சாற்றுக்காகக் காத்திருந்தார்கள். ஆகவே தலைப்பகுதி முழுவதையும் குளிர்ந்த உரலில் இட்டு அரைத்தாள் மொகிரா.

சிலந்தி வந்த இடமும் புதிது. எப்போதும் மலையடிவாரத்துக்கு வண்டி போகும். இவ்வாண்டு எரிபொருள் முழுவதும் பருத்திக்கென்று ஒதுக்கப்பட்டுவிட்டது. செப்டம்பர் பிறந்ததும் நாடே பருத்திக்கு இறங்கிவிடும்; பள்ளி, கல்லூரி, ஆய்வுக்கூடம் என்று எந்தக் கதவும் அதற்குத் தப்பாது. தோம்லா என்று எல்லோரும் மரியாதையாய் அழைக்கும் பேராசிரியர் சொபிரோவ்தான் வழி சொன்னார்: எப்படியும் நம் வண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு கூட்டுப்பண்ணைக்குப் போய்வருகிறது, அங்கே வாய்க்காலோரம் சிலந்தி இல்லாமலா போகும்? மொகிராவின் மகள் நசிபா கல்லூரியில் முதலாண்டு. அவளுடைய வகுப்பு முழுவதும் அதே பண்ணையில்தான் தங்கிப் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தது.

"புடிச்சு அனுப்புறியாம்மா?" என்று கேட்டிருந்தாள் மொகிரா.

"ஓ, அனுப்புறேனே," என்றிருந்தாள் நசிபா, சற்றும் தயங்காமல்.

அந்த உடனடிச் சம்மதம் தாயின் நெஞ்சில் இனித்தது. மூடியில் துளையிட்ட தயிர்ப்புட்டிகளில் சிலந்திகள் ஒவ்வொரு வாரமும் வந்திறங்கின. வண்டியோட்டி எர்காஷ் அவற்றைக் கொண்டுவந்து வைக்கும்போது ஏதாவது சொல்லாமல் போகமாட்டான். சென்ற முறை சொன்னது இது: "சோம்பேறிச் சிலந்தி அக்கா இதெல்லாம். வலையும் கிடையாது, ஓட்டமும் கிடையாது. திராட்சை பறிக்கிற மாதிரி பறிக்கலாமாம், உங்க பொண்ணு கூட இருக்குற புள்ள சொல்லுச்சு."

"குளிர் வருதுல்ல, அதான்," என்றிருந்தாள் மொகிரா.

இப்போது துடிக்கும் தவளைக்காலைப் பார்த்தவாறு அவள் தன் தொழில் கற்பித்த ஒழுங்கின்படியே நினைத்தாள். ஒருமுறை கண்டது காட்சியாகாது. சாட்சி பிசகினால் சாட்சியை ஐயுற வேண்டும். அதே இடத்துச் சரக்கைக்கொண்டு மறுபடி செய்ய வேண்டும். முன்னோர் வகுத்த மந்திரத்தைப்போல அவ்விதி அவளுக்குள் ஊறிக்கிடந்தது. அவள் வாசலுக்கு ஓடிப்போய், பண்ணைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த எர்காஷை நிறுத்தினாள்.

"எர்காஷ், இன்னும் சிலந்தி வேணும். நிறைய. அதே வாய்க்கால், அதே பாத்தியோரம். வேற எங்கேயும் புடிக்கக் கூடாதுன்னு சொல்லு. இடம் மாறினா எனக்கு ஒப்பிட முடியாது."

"நாளைக்கு மதியத்துக்குள்ள கொண்டாந்துடறேன் அக்கா. ஆனா விடிகாலைக் குளிர்ல இறங்கணும், புள்ளைங்க திட்டும்."

"ரெண்டு முலாம்பழம் வாங்கிக் குடு. நான் சொன்னேன்னு சொல்லு."

மறுநாள் காலை வேரா புதிய தவளையைப் பிரித்துவைத்தாள். மொகிரா உறைபெட்டியைத் துழாவி, எரிபொருள் நிற்பதற்குமுன், ஆகஸ்டில், மலையடிவாரத்தில் கடைசியாய்ப் பிடித்த சிலந்திகளின் சிறு பொட்டலத்தை எடுத்தாள். அவற்றையும் தலையோடு அரைத்தாள். அதே உரல், அதே உப்புநீர். வெட்டுக்கிளி ஓய்ந்தது. தவளை தட்டலுக்கு ஓர் உதை உதைத்து, அமைதியாய்க் கிடந்தது.

அதன்பின் முந்தைய நாள் மிச்சமிருந்த பண்ணைச் சாற்றை ஒரு துளி விட்டாள். தவளைத்தசை நடுங்கத் தொடங்கியது.

"அப்ப தலையோட அரைச்சது குத்தமில்ல," என்றாள் வேரா. அவள் குரலில் கேலி இல்லை. "இடம்தான் குத்தம்."

மொகிரா நடுங்கும் தசையின்மேல் குனிந்தாள். தவளையின் தூது வந்து வேலை முடித்ததும் அதைத் துடைத்தெடுக்கும் பொருளொன்று தசையோரம் உண்டு. அந்தத் துடைப்பானை முடக்கும் மருந்துகளை அவள் மாணவர்களுக்குக் கற்பித்திருக்கிறாள். துடைப்பான் முடங்கினால் வந்த தூது போகாது. ஒரு தட்டல் பல தட்டலாகும். தசை துடிதுடித்துக் களைத்து, பின் மொத்தமாய் ஓயும். பூச்சிமருந்துகள் அப்படிப்பட்டவை. பருத்தியின் இலையை உதிர்க்க விமானத்திலிருந்து தூவும் மருந்தும் அப்படிப்பட்டதே. ஆட்கள் நிற்கும் வயலில் அதைத் தூவக்கூடாது என்பது விதி.

சிலந்திகள் ஓடாமல் நின்றது குளிரால் அன்று. அவை வலை கட்டாதது பருவத்தால் அன்று.

"வேரா," என்றாள். "நசிபா அங்கதான் இருக்கா."

வாசலில் வண்டியின் ஒலி கேட்டது. எர்காஷ் புட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "ரெண்டு பழம் குடுத்தேன், ஒரு பாட்டுப் பாடி வாங்கிக்கிட்டாங்க. இந்தாங்க, அதே வாய்க்கால். நேத்து சாயங்காலம்தான் ப்ளேன் வந்து போச்சாம். இலையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. பாவம் அந்தப் புள்ள, முழங்கை வரைக்கும் நனைஞ்சுபோச்சு."

மொகிரா ஒரு புட்டியின் மூடியைத் திறந்தாள். இலையுதிர்க்கும் மருந்துக்கே உரிய, அழுகிய பூண்டின் நாற்றம் முகத்தில் அறைந்தது.

தோம்லாவின் அறையில் தேநீர் ஆறிக்கிடந்தது. மொகிரா நின்றபடியே சொன்னாள். அவர் உட்கார்ந்தபடியே கேட்டார். அவள் முடித்ததும் கோப்பையை ஒதுக்கி வைத்தார்.

"அந்தச் சாறு கெட்டுப்போச்சு. கொட்டிடு மகளே," என்றார்.

"தோம்லா, நான் சாறப் பத்திப் பேசல. அங்க நூத்துக்கணக்குல பிள்ளைங்க நிக்குது."

"எனக்கும் காது கேக்குது."

"நீங்க மேல ஒரு வார்த்தை சொன்னா..."

"மேல யாருகிட்ட? பருத்திக் கணக்கு கேக்குறவங்ககிட்டயா? பருத்திய நிறுத்துன்னு நான் சொல்லவா? தவளைக்கால் துடிச்சுது, அதனால நிறுத்துன்னு?" அவர் சிரிக்க முயன்றார், அது சிரிப்பாக வெளிவரவில்லை. "போன வருஷம் என் சின்னவன் அங்கதான் நின்னான். வந்து ஒரு மாசம் மஞ்சளா கெடந்தான். மஞ்சக்காமாலைன்னு எழுதினாங்க. நானும் கையெழுத்துப் போட்டேன்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"எல்லாருக்கும் தெரியும் மொகிரா. உனக்கும் தெரியும். உன் பொண்ணு அங்க போற வரைக்கும் உனக்குத் தெரியாத மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான்."

அச்சொல் அவளைத் தைத்தது; பொய்யாயிருந்தால் தைத்திராது.

"வண்டிய எடுத்துட்டுப் போ," என்றார் அவர், எழுந்து சன்னலைப் பார்த்தவாறு. "உன் பொண்ணக் கூட்டிட்டு வா. ஒரு மருத்துவச் சீட்டு நான் வாங்கித் தரேன். மத்தத என்கிட்டக் கேக்காதே. இந்தக் கூடத்தை மூடிட்டா அந்தப் பிள்ளைங்க எழுந்து நடக்கப் போறதில்ல."

அவ்வகை நஞ்சை ஓரளவு முறிக்கும் அட்ரோபின் ஊசிமருந்து அலமாரியில் இருந்தது முழுவதையும் வேரா ஒரு துணியில் சுற்றி மொகிராவின் பைக்குள் திணித்தாள். "ரெண்டு ஊசி வெச்சிருக்கேன். ஒண்ணு உடைஞ்சா ஒண்ணு," என்றாள். பிறகு, அவளுக்கு வழக்கமில்லாத விதமாய், மொகிராவின் தோளைத் தொட்டு, "போயிட்டு வா," என்றாள்.

வழிநெடுக முசுக்கட்டை மரங்கள் பின்னோடின. மொகிராவின் தந்தை, திருமறையை உரக்க ஓதினால் அரசு வேலையைப் பறித்துவிடும் என்றிருந்த காலத்தில், விடியலுக்குமுன் அடுப்படியில் அமர்ந்து உதடு மட்டும் அசையப் பழைய துதிகளை ஓதுவார். மகளுக்கு அவர் கற்பிக்கவில்லை. அவளாகக் கேட்டுக் கேட்டு முதலடி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. இப்போது அந்த முதலடியையே அவள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டாமடி வரவேயில்லை. கதவின் முன் நின்று ஒரே தட்டலைத் தட்டிக்கொண்டிருப்பவளைப்போல அவள் இருந்தாள்.

மாணவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் முற்றத்தில் மாலைவெயில் மஞ்சளாய்ப் படர்ந்திருந்தது. குழுத்தலைவன் ஒருவன் எதிரே வந்தான். மீசையில் பருத்திப்பஞ்சு ஒட்டியிருந்தது.

"யாரு நீங்க? பாக்க வர நாளு ஞாயித்துக்கெழம."

"நேத்து இங்க மருந்து தூவினாங்களா?"

"ஆளை நகத்திட்டுத்தான் தூவுவோம்."

"எவ்வளவு தூரம் நகத்தினீங்க?"

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்," என்றான் அவன், கூச்சமின்றி. வாய்க்காலின் அகலம் ஒரு கட்டிலின் நீளம் இருக்கும்.

"அம்மா!"

நசிபா ஓடிவந்தாள். வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, ஆனால் ஓடிவந்தாள். மொகிரா அவள் முகத்தை இரு கைகளாலும் பற்றி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கண்மணிகள் விரிந்து சுருங்கின. உள்ளங்கை உலர்ந்திருந்தது. விரல்கள் நடுங்கவில்லை. மார்பில் காதை வைத்துக் கேட்டாள், நுரையீரலில் ஈரமில்லை. அவள் அப்படியே மண்ணில் அமர்ந்து மகளின் முழங்கால்களைக் கட்டிக்கொண்டாள். இத்தனை தூரம் இறுகியிருந்த ஏதோவொன்று அவிழ்ந்து, அவள் வாய்விட்டு அழுதாள்.

"என்னம்மா இது, எல்லாரும் பாக்குறாங்க."

"உன் கை... முழங்கை வரைக்கும் நனைஞ்சுதுன்னு எர்காஷ் சொன்னான். உடனே கழுவினியா? சோப்புப் போட்டியா?"

நசிபாவின் முகம் மாறியது. "நான் இல்லம்மா."

"என்ன நீ இல்ல?"

"நான் ஒரு சிலந்தியையும் தொட்டதில்ல." அவள் தலையைக் குனிந்தாள். "எனக்குப் பயம்னு உனக்குத் தெரியும்ல. எல்லாத்தையும் சுராய்யோதான் புடிச்சா. உன் அம்மா கேட்டுட்டாங்க, குடுடி புட்டியன்னு வாங்கிட்டுப் போவா. இன்னிக்கும் அவதான். அவளுக்கு மத்தியானத்துலேருந்து உடம்பு சரியில்ல. திராட்சை தின்னது ஒத்துக்கலன்னு நர்ஸம்மா சொன்னாங்க."

ஆகஸ்டில் ஒருநாள் சுராய்யோ அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்லூரி நுழைவுத்தேர்வில் நசிபாவுக்குத் தோழியான, தெற்கே மலையோரக் கிராமத்துப் பெண். கட்டைக்குரலும் தடித்த பின்னலும். முற்றத்துத் திராட்சைப்பந்தலிலிருந்து சிறு சிலந்தி ஒன்று நூலில் இறங்கி முலாம்பழத் தட்டருகே தொங்கியதும் நசிபா அலறிக்கொண்டு எழுந்தாள். சுராய்யோ அதை நூலோடு விரலில் ஏந்தி, "இவளுக்கு மாப்பிள்ளை பாக்குறப்போ வீட்ல ஒட்டடை இருக்கான்னு மொதல்ல பாக்கணும்," என்று சொல்லிப் பந்தலிலேயே திரும்ப விட்டாள். மொகிராவும் அன்று சிரித்தாள். சிரித்துவிட்டு மறந்தாள்.

வகுப்பறைத் தரையில் மெத்தைகள் வரிசையாய்க் கிடந்தன. கடைக்கோடி மெத்தையில் சுராய்யோ ஒருக்களித்துக் கிடந்தாள். வாயோரம் எச்சில் வழிந்து தலையணையை நனைத்திருந்தது. கண்மணிகள் ஊசிமுனையளவாய்ச் சுருங்கியிருந்தன. மொகிரா போர்வையை விலக்கினாள்.

கெண்டைக்காலில், தோலின் அடியில், சிற்றலைகள் ஓடிக்கொண்டிருந்தன. மழைத்துளி விழும் குளம்போல.

அட்ரோபினை முதலில் தொடையில் ஏற்றினாள். பொறுத்து மறுபடி ஏற்றினாள். எச்சில் வற்றியது. நாடி நிமிர்ந்தது. கண் சற்று விரிந்தது. சுராய்யோ அவளை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அத்தை," என்றாள், நாக்குக் குழற. "நெறைய புடிச்சேன். பெருசு பெருசா. வந்துச்சா?"

"வந்துச்சு. பேசாதே."

"நசிபாவத் திட்டாதீங்க. பயந்தாங்கொள்ளி அவ..."

"பேசாதம்மா."

அருகில் நின்ற தோழியர், மருந்து வேலை செய்கிறது என்று கண்டு முகம் மலர்ந்தார்கள். மொகிராவின் முகம் மலரவில்லை. அட்ரோபின் இருதயத்தின் வாயிலை அறியும். எச்சிலின் வாயிலை அறியும். தசையின் வாயில் அதற்குத் தெரியாது. மூச்சை இழுப்பதும் தசைதான். அந்த வாயிலுக்கான மாற்றுமருந்து அவள் அலமாரியில் இல்லை. மூச்சுப்பொறி நகரத்தில் இருந்தது.

எர்காஷ் வண்டியின் இருக்கையைக் கழற்றி எறிந்தான். சுராய்யோவைக் கிடத்தி, மொகிராவும் நசிபாவும் இருபுறமும் அமர்ந்தார்கள். குழுத்தலைவன் வழியை மறித்து, "எழுதிக் குடுக்காம ஆளக் கூட்டிட்டுப் போக முடியாது," என்றான். எர்காஷ் கதவைத் திறந்து தலையை நீட்டினான். "அண்ணே, உன் வீட்லயும் பொண்ணு இருக்கா? இருந்தா தள்ளி நில்லு. இல்லாட்டியும் தள்ளி நில்லு, ஏத்திருவேன்." அவன் தள்ளி நின்றான்.

வயல்கள் முடிந்து நெடுஞ்சாலை தொடங்குமிடத்தில் துடிப்பு அடங்கியது. நசிபா நிம்மதியாய், "நின்னுடுச்சும்மா, கால் நின்னுடுச்சு," என்றாள். மொகிராவுக்கு அந்த அடங்கலின் பொருள் தெரியும். தொட்டியில் எத்தனையோ முறை கண்டிருக்கிறாள். அவள் சுராய்யோவின் மோவாயை நிமிர்த்தி, வாயோடு வாய்வைத்துத் தன் மூச்சை ஊதினாள். மார்பு உயர்ந்தது, தாழ்ந்தது. மறுபடி ஊதினாள். சுராய்யோவின் கண்கள் திறந்தேயிருந்தன. அவளால் இமைக்க முடியவில்லை, ஆனால் பார்த்தாள். தன்னுள் எல்லாக் கதவுகளும் சாத்தப்படுவதை அந்தப் பெண் விழித்திருந்தே அறிகிறாள் என்பதை மொகிரா கண்டாள். கண்ட கண்ணை விலக்காமலே ஊதினாள்.

நகரத்தின் விளக்குகள் தெரியுமுன் நாடி நின்றது. அதன்பின்பும் அவள் ஊதிக்கொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தி வந்து அவள் தோளைப் பற்றித் தூக்கியவன் எர்காஷ்.

உடலைத் தெற்கே கொண்டுபோனபோது மொகிராவும் உடன் சென்றாள். உணவு நஞ்சாயிற்று என்று சான்றில் எழுதப்பட்டிருந்தது. ஆண்கள் பாடையைத் தோளேற்றி ஓட்டமும் நடையுமாய்ச் சென்றபின், பெண்கள் உள்ளறையில் ஒருவரையொருவர் தழுவிக் கூவி அழுதார்கள். சுராய்யோவின் தாய் நீலநிற அங்கியை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். குரல் மகளுடையதைப்போலவே கட்டைக்குரல்.

"நீங்கதானா அந்த நசிபாவோட அம்மா? உங்க வீட்டு முலாம்பழத்தப் பத்தியே ஒரு மாசம் பேசினா." அவள் மொகிராவின் கைகளைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "கடைசியில என் புள்ள பக்கத்துல நீங்க இருந்தீங்களாமே. வேத்து மண்ணுல தனியா போகல. கஷ்டப்பட்டாளா?"

"இல்ல," என்றாள் மொகிரா.

"அல்லா உங்களுக்குக் கொறை வைக்கமாட்டான்." அத்தாய் உள்ளங்கைகளை ஏந்தி, முகத்தில் தடவிக்கொண்டு, அவளுக்காக வேண்டினாள். பின் ரொட்டியை விண்டு, பெரிய பாதியை அவள் கையில் வைத்தாள். அதைத் தின்னாமலிருப்பது அவ்வீட்டுக்கு இழுக்கு. மொகிரா தின்றாள். சொல்ல வேண்டியிருந்த ஒன்று ரொட்டியோடு சேர்ந்து உள்ளே இறங்கிற்று.

அவள் திரும்பிவந்தபோது, எங்கிருந்து எவ்வாறு பெற்றாரோ, தோம்லா மலையடிவாரத்துக்கு எரிபொருள் வாங்கிவைத்திருந்தார். முதற்பனி விழுமுன் கடைசிச் சிலந்திகள் வந்துசேர்ந்தன. அவை புட்டிக்குள் ஓடின. மூடியில் வலை கட்ட முயன்றன. வேராவும் மொகிராவும் எதிரெதிரே அமர்ந்து, ஒவ்வொன்றின் சுரப்பியையும் ஊசிமுனையில் தனித்தனியே உருவினார்கள். வேரா ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை.

வெட்டுக்கிளியின் கால் ஓய்ந்தது. தவளையின் கால் தட்டலுக்கு ஓர் உதை உதைத்து, அடுத்த தட்டலுக்குக் காத்துக் கிடந்தது. நஞ்சு தான் தேடிய வாயிலை மட்டும் தேடி அடைத்திருந்தது, மற்றெதையும் தீண்டவில்லை.

தோம்லா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "சாட்சி சுத்தமா இருக்கு," என்றார் மெதுவாக. "மாஸ்கோவுக்கு அனுப்பிடலாம்." பிறகு, கிளம்ப மனமின்றி, "பண்ணைச் சாறு கலப்படம்னு ஒரு வரி போட்டாப் போதும் மகளே. ஏன்னு யாரும் கேக்கமாட்டாங்க," என்றார்.

யாரும் கேட்கத்தான் இல்லை.

வீட்டில் நசிபா அடுப்படியில் அமர்ந்து சோற்றுக்குக் காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். மருத்துவச் சீட்டின் பேரில் அவள் திரும்பப் பண்ணைக்குப் போகவில்லை. அவளுடைய வகுப்பு இன்னும் அங்கேதான் இருந்தது. தெற்கிலிருந்து தாய் வந்தது முதல் அவள் தேவைக்கன்றிப் பேசவில்லை. கத்தி பலகையில் சீராய் விழுந்துகொண்டிருந்தது. மொகிரா அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"அம்மா."

"சொல்லும்மா."

"மொதத் தடவையே உன் தவளை துடிச்சுதாமே. வேரா அத்தை சொன்னாங்க."

"ஆமா."

"அப்புறம் ரெண்டாவது தடவை எதுக்குச் சிலந்தி கேட்ட?"

அதற்கு விடை உண்டு. ஆய்வுக்கூடத்தில் கால் வைக்கும் எந்த மாணவனும் முதல் வாரத்திலேயே கற்கும் விடை. மொகிரா அதைத் தவிர வேறொன்று கிடைக்குமா என்று தேடினாள். மகள் கத்தியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள்.

"உறுதி பண்ணிக்க," என்றாள்.

நசிபா தலையசைத்தாள். அடுத்த காரட்டை எடுத்துத் தோல் சீவலானாள்.

"உறுதியாச்சா?" என்றாள், நிமிராமல்.